கறுப்புக் கோட்டு டாக்டர்

தாம்பரத்தில் பஸ்சுக்கு நின்றிருந்தேன். “அந்த டாக்டர் போன மாசம் வக்கீலா இருந்தாருய்யா” என்று பக்கத்தில் ஒரு பொம்பளை சொன்னதும் திரும்பிப் பார்த்தேன். புருஷனிடம்தான் சொல்கிறாள். அவன் கால் கட்டைவிரலில் துணிக்கட்டு. நெட்டில் ஒரு டாக்டர் படம் போட்டு சர்க்கரைக்குப் பவுடர் விற்கிற பக்கத்தைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்தியிருக்கிறான். புண் ஆறாமல் இப்போது ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள்.

“டாக்டருக்குப் படிச்சவரு வக்கீலுக்கும் படிச்சிருக்கக் கூடாதா?”

“பட்டா விஷயமா நெட்டுல வக்கீல் தேடினப்போ இதே மூஞ்சிதான் வந்துச்சு. அதே கண்ணாடி, அதே சிரிப்பு. கோட்டுதான் கறுப்பு.”

“எத்தினி பேரு நல்லாக்கீதுன்னு எழுதிக்கீறாங்க, அத்தப் பாத்தியா?”

“பாத்தேன். அத்தினி பேரும் நன்றிக்கு மூணு சுழி ண போட்டுக்கீறாங்க. ஒரே ஆளு குந்திகினு எழுதினது.”

“தேடினா அதான் முதல்ல வந்துச்சு.”

“விளம்பரம் குடுத்தவன் முதல்லதான் வருவான். நீ இன்னா கேட்ட? மாத்திரை இல்லாம சர்க்கரை குறையுமான்னு கேட்ட. நிறுத்தினா இன்னா ஆவும்னு கேட்டியா? பவுடர் விக்கிறானே, அவன் விலாசம் எங்கனா கீதா?”

பஸ் வந்ததும் அவள் தோளைக் கொடுத்தாள், அவன் நொண்டிக்கொண்டே ஏறினான்.

“அங்க போயி பவுடர் விஷயத்தச் சொல்லிடாத.”

“நான் ஏன் சொல்றேன்? விரல எடுக்கணும்னு சொன்னாங்கன்னா, உன் வக்கீலக் கூப்ட்டு வாதாடிக்க.”