‘கள்’ சேர்த்தது யார் என்பது பற்றி

மேல் தாளில் எழுத்தர் ஐயா எழுதியிருக்கும் பெயரும் கதவு எண்ணும் என்னுடையவைதான். வயது நாற்பத்தொன்பது. அச்சகத்துக்குப் பின் தெருவில் இரண்டாம் மாடியில் தனியாகக் குடியிருக்கிறேன். கணவர் இறந்து பதினொரு ஆண்டுகள் ஆகின்றன, பிள்ளைகள் இல்லை. மேற்படி அச்சகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக மெய்ப்புத் திருத்துகிறேன், அதாவது அச்சுக்குப் போகும் முன் பக்கங்களைப் படித்துப் பிழைகளைச் சிவப்பு மையால் குறித்துக் கொடுப்பது என் வேலை. அங்கே எனக்கு எதிரில் ‘சிவப்பு மை அக்கா’ என்றும் முதுகுக்குப் பின்னால் வெறும் ‘சிவப்பு மை’ என்றும் பெயர். இன்று முப்பதாம் தேதி, திங்கட்கிழமை, காலை பதினொரு மணிக்கு யாரும் கட்டாயப்படுத்தாமல் இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன். என் தம்பியை இங்கிருந்து வெளியே கொண்டுபோக வேண்டும் என்பதற்காகத்தான் கொடுக்கிறேன், அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

தம்பிக்கு வயது நாற்பத்து நான்கு, எலக்ட்ரீஷியன். நாங்கள் இருவரும் பெற்றோர் காலத்திலிருந்து பெரிய சபையைச் சேர்ந்தவர்கள். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி ஆகிய மூவரும் ஒரே தேவன், ஆகையால் இயேசுவும் தேவனே என்பது எங்கள் சபையின் விசுவாசம். ஆறு ஆண்டுகளுக்கு முன் தம்பி, டயர் கடைக்கு மேலே கூடுகிற மாடிச் சபைக்குப் போய்விட்டான். பிதா ஒருவரே தேவன், இயேசு அவர் அனுப்பிய குமாரன், அனுப்பப்பட்டவரை அனுப்பியவருக்குச் சமமாக வைக்கக் கூடாது என்பது அவர்கள் கட்சி. எங்கள் சபை அவன் பெயரைப் பதிவேட்டிலிருந்து அடித்துவிட்டது. அதன் பிறகும் அவன் வாரத்தில் இரண்டு நாள் என் வீட்டில்தான் சாப்பிடுவான். சாப்பாட்டு மேசையில் அந்தப் பேச்சு கூடாது என்று சொல்லியிருந்தேன், பாதி நாள் கேட்டான். மீதி நாள் நான் என் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுவேன்.

எங்கள் சபைப் போதகர் ஒன்பது ஆண்டுகள் உட்கார்ந்து எழுதிய விசுவாச வினாவிடைப் புத்தகம், நூற்றுப்பதினெட்டுப் பக்கம், எங்கள் அச்சகத்துக்கு வந்தது. இந்த மாதம் மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்கு அதன் இரண்டாம் மெய்ப்பு என் மேசைக்கு வந்தது. ஏழாம் பக்கத்தில் நான்காம் கேள்விக்கான விடை இவ்வாறு இருந்தது: “பிதாவும் குமாரனும் பரிசுத்த ஆவியும் ஒரே தேவனாயிருக்கிறார்.” மூன்று பேரை ‘உம்’ போட்டு அடுக்கிவிட்டு ‘இருக்கிறார்’ என்று ஒருமையில் முடிப்பது இலக்கணப்படி பிழை. அம்மாவும் அப்பாவும் வந்தார் என்று யாரும் எழுதுவதில்லை. முதல் மெய்ப்பில் இதை எப்படி விட்டேன் என்று என் மேலேயே எரிச்சல் வந்தது. அந்தச் சொல்லின் கடைசியில் ஒரு கோடு இழுத்து, ஓரத்தில் ‘கள்’ என்று எழுதி, பக்கத்தின் கீழ்மூலையில் சுருக்கொப்பமும் தேதியும் மணியும் போட்டேன். மணி பத்து இருபது. அரை நிமிடத்து வேலை. அப்போது அறையில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை.

அதன் பிறகு பதினொன்று ஐந்துக்கு என் தம்பி வந்தான். என் மேசைக்கு மேலே இருக்கும் டியூப் லைட் ஒரு வாரமாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது, முதலாளி அவனைக் கூப்பிட்டிருந்தார். ஏணியில் ஏறி நின்றவன் கீழே மேசையைப் பார்த்துச் சிரித்தான்.

“என்னக்கா, மூணு தேவன் ஆக்கிட்டியா?”

“வாக்கியம் தப்பு, திருத்தினேன்.”

“இந்தக் கள்ளைக் குடிக்கக்கூட வேண்டாம்க்கா, படிச்சாலே ஏறிடும்.”

இதற்கு நானும் சிரித்தேன். அச்சகத்தில் கணினியில் பக்கம் கட்டுகிறவர் கதவருகே நின்று எங்களைப் பார்த்ததும், இரண்டு பேரும் காகிதத்தை வைத்துக்கொண்டு சிரித்தார்கள் என்று உங்களிடம் சொன்னதும் இதைத்தான். அவர் பார்த்தது சரி. அவர் போன பின்பு நடந்ததை அவர் பார்க்கவில்லை. தம்பி ஏணியிலிருந்து இறங்கி வந்து அந்த வரியை இன்னொரு முறை படித்தான். இப்போது அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

“அக்கா, பழையபடியே விட்டுடு. அவங்க தெரியாம அப்படி எழுதல. வேணும்னேதான் எழுதியிருக்காங்க. இது அச்சுல வந்தா உன்னைச் சும்மா விட மாட்டாங்க.”

“நீ ஏறி லைட்டைப் பாரு. எழுவாய் பயனிலை எனக்கு நீ சொல்லித்தர வேண்டாம்.”

இவை நான் சொன்ன வார்த்தைகளே. அவன் மறுபடி ஏணியில் ஏறினான். வேலையை முடித்து, வாசல் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான். அவன் நம்பாத விசுவாசத்தை எனக்காக அவன் காப்பாற்றப் பார்த்தான் என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

ஒன்பதாம் தேதி கடைசி மெய்ப்பு போதகருக்குப் போனது. மறுநாளே முதல் பக்கத்தில் ‘அச்சிடலாம்’ என்று எழுதிக் கையொப்பமிட்டு அனுப்பிவிட்டார். அவர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார் என்று நான் சொல்ல மாட்டேன். மனப்பாடமாகத் தெரிந்த வாக்கியத்தைக் கண் படிக்காது, நெஞ்சுதான் படிக்கும். என் வேலையில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இருபத்திரண்டாம் தேதி ஞாயிறு காலை ஆராதனையில் புத்தகம் வெளியிடப்பட்டது. போதகர் கேள்வியை வாசிக்க, சபையார் எல்லோரும் எழுந்து நின்று விடையைச் சேர்ந்து வாசித்தோம். நான்காம் கேள்வியில் மனப்பாடமாகச் சொன்னவர்கள் ‘இருக்கிறார்’ என்று நிறுத்தினார்கள், புத்தகத்தைப் பார்த்துப் படித்தவர்கள் ‘இருக்கிறார்கள்’ என்று முடித்தார்கள். அந்தக் ‘கள்’ மட்டும் தனியாக மேலே கேட்டது. போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு “எல்லாரும் புத்தகத்தை மூடுங்க” என்றார். ஆராதனை முடிந்ததும் நானே போய், திருத்தியது நான்தான் என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“நான் ஒருமையில எழுதினது கவனப்பிசகு இல்லம்மா. அந்த ஒருமைதான் விசுவாசம்” என்றார்.

அதன் பிறகு இருபத்தைந்தாம் தேதி புதன்கிழமை, சபைக்கு எதிர்ச்சுவரில் அந்த ஏழாம் பக்கத்தைக் கதவளவு பெரிதாக்கி, ‘கள்’ளைச் சுற்றி வட்டம் போட்டு, மூன்று தேவர்கள் என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள் என எழுதி ஒட்டியிருந்தது. தம்பி போனில் கூப்பிட்டு, “நான் ஒட்டலக்கா. வேண்டாம்னு எங்க ஆளுங்ககிட்ட சண்டையே போட்டேன்” என்றான். நான் பேசாமல் வைத்துவிட்டேன். அதற்காக இப்போது வருந்துகிறேன்.

இருபத்தெட்டாம் தேதி சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு வாடகை மண்டபத்தில் இரு சபைகளும் விவாதிப்பது என்று முன்பே முடிவாகியிருந்தது. நான் நாலாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். முதலில் எங்கள் உபதேசியார், அதாவது போதகருக்கு உதவியாக இருப்பவர், தானும் பிதாவும் ஒன்று என்று இயேசுவே சொல்லியிருக்கும்போது அவர் தேவன் இல்லாமல் வேறு யார் என்று கேட்டார். அதற்கு மாடிச் சபைக்காரர், “ஒன்றுன்னு சொன்னாரு, ஒருவர்னு சொன்னாரா? புருஷனும் பொண்டாட்டியும் ஒண்ணுன்னா ரெண்டு பேருக்கும் ஒரே பல்வலியா வருது?” என்றார். மண்டபத்தில் பாதிப் பேர் சிரித்தார்கள். உபதேசியாருக்கு முகம் சிவந்துவிட்டது. மாடிச் சபைக்காரர் அத்தோடு விடாமல் எங்கள் புத்தகத்தை எடுத்துத் தலைக்கு மேலே பிடித்து ஏழாம் பக்கத்தைப் படிக்கத் தொடங்கினார். உபதேசியார் அதைப் பறிக்கப் பாய்ந்தார், மற்றவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார், உபதேசியார் வந்த வேகத்தில் மேடை விளிம்பைத் தாண்டிக் கீழே விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அவரை யாரும் தள்ளவில்லை. என் தம்பி அப்போது மேடைக்குக் கீழே, வலப்பக்கம், ஒலிபெருக்கிப் பெட்டி அருகில் நின்றான். விழுந்தவரை முதலில் ஓடிப்போய்த் தூக்கியவன் அவன்தான். தூக்கிய கையைப் பார்த்துத்தான் தள்ளிய கை என்று சொல்லியிருக்கிறார்கள். அதன் பிறகு நாற்காலிகள் பறந்தன, ஐந்தரை மணிக்குக் காவலர்கள் வந்தார்கள், தம்பியை அழைத்துப் போனார்கள். உபதேசியாரைத் தள்ளியதாகவும், சபையை அவமானப்படுத்தத் திட்டமிட்டு என்னைக் கொண்டு புத்தகத்தை மாற்றியதாகவும் எங்கள் சபையார் அவன் மேல் கொடுத்த புகார்.

மறுநாள் ஞாயிறு மதியம் போதகரும் சபையை நடத்தும் மூப்பர்கள் இருவரும் என் வீட்டுக்கு வந்தார்கள். போதகர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஒன்பது ஆண்டு உழைப்பு மூட்டை மூட்டையாகக் கட்டிக் கிடக்கிறது என்று சொல்லும்போது அவர் குரல் உடைந்தது, எனக்கும் அழுகை வந்தது. அதன் பிறகு மூத்த மூப்பர், “தம்பி சொல்லித்தான் செஞ்சேன்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடும்மா. உன் பேரு பதிவேட்டுல அப்படியே இருக்கும், உன் வேலைக்கும் ஒண்ணும் வராது” என்றார். போதகர் அதற்கு ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்று காலை எட்டு மணிக்கு மாடிச் சபையின் வக்கீல் வந்தார். ‘போதகர் அவர்கள் வந்தார்கள்’ என்று மரியாதைக்கு எழுதுகிறோம் அல்லவா, அதுபோலத் தேவனுக்கு மரியாதையாகக் ‘கள்’ போட்டேன் என்று சொல்லிவிட்டால் வழக்கே நிற்காது என்றார். கெட்டிக்காரர்தான். ஆனால் அந்தப் புத்தகத்தில் வேறு எந்த இடத்திலும் தேவனுக்குக் ‘கள்’ கிடையாது. நூற்றுப்பதினெட்டுப் பக்கமும் படித்தவள் நான். அந்தப் பொய் ஒரு வாசிப்புக்குக்கூடத் தாங்காது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஒன்பதரை மணிக்கு இந்த நிலையத்தில் தம்பியைப் பார்த்தேன். தான்தான் என்னை வற்புறுத்தி மாற்ற வைத்ததாக நேற்று மாலையே எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னான். ஏன்டா என்று கேட்டேன்.

“என் பேரை ஏற்கெனவே அடிச்சாச்சு. அடிச்ச பேரை இன்னொரு தடவை அடிக்க முடியாதுல்ல. உனக்கு அந்தச் சபையை விட்டா யாருக்கா இருக்காங்க?” என்றான்.

“நீ இருக்கேடா” என்றேன்.

திருத்தும்போது என் மனதில் கெட்ட எண்ணம் இருந்ததா என்று ஆய்வாளர் கேட்டார். இல்லை. ஆனால் முழுதும் இலக்கணம் மட்டும்தானா என்று என்னையே இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஏழு வயதிலிருந்து அந்த விடையை ஒருமையில் ஒப்பித்தவள் நான். அப்படியிருந்தும் பேனா கையில் இருந்தபோது என் கண்ணுக்கு மூன்று பேர்தான் தெரிந்தார்கள். வாய் ஒருவர் என்று சொல்லிக்கொண்டிருக்க, மனது இத்தனை ஆண்டுகளாக மூவரைத்தான் கும்பிட்டிருக்கிறது போலிருக்கிறது. இதைப் போதகரிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. இங்கே சொல்கிறேன். இதற்குச் சபை என் பெயரை அடிப்பதானால் அடிக்கட்டும். அது எனக்கு வலிக்கும், வலிக்காது என்று சொன்னால் பொய். ஆனாலும் அது என் பிழை, என் தம்பி இதில் செய்த ஒரே காரியம் வேண்டாம் என்று சொன்னது.

பத்து இருபது என்று மணி குறித்த ஏழாம் பக்க மெய்ப்பையும், தம்பி பதினொன்று ஐந்துக்கு உள்ளே வந்ததைக் காட்டும் வாசல் புத்தகத்தையும் முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்து ஒப்படைத்திருக்கிறேன். அவன் வருவதற்கு முக்கால் மணி நேரம் முன்பே திருத்தம் முடிந்துவிட்டது. அவன் எழுதிக் கொடுத்தது உண்மையல்ல.

எழுத்தர் ஐயா இதை எனக்கு வாசித்துக் காட்டியபோது, இரண்டாம் தாளில் ஒன்பதாம் வரி ‘நாங்கள் திருத்தினோம்’ என்று இருந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை. தம்பியின் வாக்குமூலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதியதில் கை அப்படிப் போய்விட்டது என்றார். அதை அடித்து ‘நான் திருத்தினேன்’ என்று மாற்றித் தரும்படி கேட்டேன். “ரெண்டு மூணு எழுத்துதானேம்மா, விஷயம் புரியுதே” என்றார் ஆய்வாளர். அந்த இரண்டு மூன்று எழுத்துக்காகத்தான் என் தம்பி உள்ளே உட்கார்ந்திருக்கிறான் என்றேன். அவர் பேனாவை என்னிடமே கொடுத்தார். நானே அடித்து, நானே எழுதி, ஓரத்தில் ஒப்பமிட்டேன்.

இந்தத் தாள்களில் உள்ள அனைத்தும் நான் சொல்லி, காதால் கேட்டு, கண்ணால் படித்துச் சரிபார்த்த உண்மை. இதில் பன்மை எதுவும் இல்லை.

(ஒப்பம்)