புகை போடும் நாள்

நான் பயந்த சுபாவம் ஐயா. வீட்டில் கரப்பான்பூச்சி பறந்தால் என் மனைவிதான் துடைப்பத்தை எடுப்பாள். நான் கட்டில்மேல் ஏறிக்கொள்வேன். அவளையே கேட்டுப் பாருங்கள். என்னோடுதான் பேச மாட்டேன் என்கிறாள், உங்களிடம் சொல்வாள்.

ஆர்க்கிட் தோட்டத்தில் கண்ணாடி வீடு என் பொறுப்பு. பதினாறு வருஷமாக. பார்க்க வருகிறவர்களைச் சுற்றிக் காட்டுகிற வேலையில் என் மைத்துனனை நான்தான் சேர்த்துவிட்டேன். வாயாடிப் பயல். பல்குத்தும் குச்சியால் பூவின் மகரந்தத்தை எடுத்து நடுவில் ஒட்டிவிட்டு, "பாத்தீங்களா, பூவுக்குக் கல்யாணம் முடிஞ்சுது" என்பான். எல்லாரும் கைதட்டுவார்கள்.

மகரந்தம் ஒட்டிய ஆர்க்கிட் நிற்காது. இரண்டு மாதம் இருக்க வேண்டிய பூ, மூன்றே நாளில் துவண்டுவிடும். ஒன்பது வருஷம் வளர்த்து முதன்முதலாகப் பூத்த வெள்ளைப் பூவை அப்படித்தான் முடித்தான். எனக்குச் சோறு இறங்கவில்லை. அவனோ, "மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காதீங்க மாமா. பூதானே, திரும்பப் பூக்கும்" என்றான்.

அந்தச் செடியில் ஒரு மொட்டு மிச்சம் இருந்தது. திங்கட்கிழமை காலை விரிந்தது. திங்கள் தோட்டத்துக்கு விடுமுறை. கண்ணாடி வீட்டுக்குப் பூச்சிமருந்துப் புகை போடும் நாள். கதவைச் சாத்திவிட்டு வெளியே இருக்கும் இயந்திரத்தைப் போட்டால், குழாய் வழியாகப் புகை உள்ளே போகும்.

பதினோரு மணிக்கு அவன் வந்தான். "பூத்துடுச்சாமே மாமா. நாளைக்கு வர்ற பசங்களுக்குக் காட்டலாம்" என்று உள்ளே போனான். சட்டைப் பையில் குச்சி தெரிந்தது. சண்டை போட எனக்கு வராது. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.

விதியைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். புகை போடுமுன் கதவருகே நின்று மூன்று முறை உரக்கக் கூப்பிட வேண்டும். நான் ஒருநாளும் தவறியதில்லை. அன்றும் கூப்பிட்டேன், உள்ளே யாராவது இருக்கீங்களா என்று.

"நான்தான் மாமா."

இரண்டாவது முறை சிரித்தான். "என்ன மாமா, இப்பதானே பாத்தீங்க?"

மூன்றாவது முறை சிரிப்பு இல்லை. "மாமா, கதவத் திறங்க. பயமா இருக்கு."

இயந்திரத்தைப் போட்டேன்.

அதற்கப்புறம்தான் ஐயா எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. தடித்த கண்ணாடியில் கை அறைகிற சத்தம். பிறகு இருமல். பிறகு தொட்டிகள் ஒவ்வொன்றாக விழுந்து உடைகிற சத்தம். வெள்ளைச் செடி கதவோர மேசையில் இருந்தது. விழக் கூடாதே, அது விழக் கூடாதே என்று கண்ணை மூடிக்கொண்டு நின்றேன்.

விழவில்லை. நீங்களே பார்த்திருப்பீர்கள்.

குச்சி பையிலேயே இருந்தது, அதில் மகரந்தம் துளிகூட இல்லை என்கிறீர்கள். அப்பாடா. அப்படியானால் பூ இரண்டு மாதம் நிற்கும். தினமும் காலையில் யாராவது தண்ணீர் தெளிக்க வேண்டும். என் மனைவியைக் கேட்டுப் பாருங்கள், அவளுக்கு எவ்வளவு தெளிக்க வேண்டுமென்று தெரியும்.