தோளுல ஒரு கை

...காதையில்ல வெட்டிப்புட்டான் தாயி! எங்க வீட்டுக்காரவுக காத! அஞ்சு நிமிசத்துல ஆகுற வேலைன்னு சொல்லிட்டு... நீ நரிக்குடி வரைக்குந்தானே போற? நான் எம்.ரெட்டியபட்டியில எறங்கிருவேன், அதுக்குள்ள சொல்லிர்றேன். கொஞ்சம் நகந்து ஒக்காரு.

நேத்து அருப்புக்கோட்டைக்குப் போனேன். கிறிஸ்டோபருன்னு ஒரு பய, கம்ப்யூட்டர் வச்சுப் புதுசா ஸ்டுடியோ போட்டிருக்கான். எம் மக தங்கச்செல்விய திருப்பூர்ல குடுத்திருக்கு. "நீயும் அப்பாவும் சேந்து நிக்கிற படம் ஒண்ணு வேணும்மா, வீட்டுல மாட்டணும்"னு கேட்டா. படத்துக்கு எங்க போக? இவுகதேன் கேமராவக் கண்டா கண்ண மூடிக்கிருவாகளே! கல்யாணப் படத்துலயே கண்ண மூடிக்கிட்டுத்தேன் தாலி கட்டுறாக! கண்ணு தொறந்திருக்குறது ஒத்தப் படந்தேன். ஆறு வருசத்துக்கு முன்ன, எங்க நாத்தனா சண்முகவடிவு மகனுக்குக் காதுகுத்து வச்சாகளே, அதுல எடுத்தது.

பின்னாடி பாத்தா... பந்தக்காலு, அண்டா, ஒரு ஆடு, சட்டையில்லாம முதுகச் சொறிஞ்சுக்கிட்டு ஒரு ஆளு! "இதெல்லாந் தூக்கிட்டு நீலக் கலரு வையிடா"ன்னேன். பக்கத்துல நின்ன நாத்தனாளையுஞ் சேத்துத் தூக்கச் சொன்னேன். அவளோட பேச்சுவார்த்த இல்ல.

படத்த ஒரு பொட்டிக்குள்ள கவுத்து வச்சு மூடுனான். உள்ள வெளிச்சம் ஓடுச்சு. டிவி மாதிரி ஒண்ணுல நாங்க வந்து நிக்கிறோம்! மவுசாம், அத வச்சு, வெட்டியெடுக்குறதுக்கு எங்களச் சுத்திக் கோடு இழுக்குறான். அந்தக் கோடு எறும்பு ஊர்ற மாதிரி ஊருது... எனக்கு ஒடம்பெல்லாம் அரிக்குது தாயி! முக்காவாசி சுத்தியிருப்பான், கரண்டு போச்சு. திரும்ப மொதல்லருந்து. அப்பத்தேன் அவுக காது போச்சு. "கை வழுக்கிருச்சு, தங்கத்தாயக்கா. இந்தப் பக்கத்துக் காத எடுத்துத் திருப்பி அந்தப் பக்கம் ஒட்டிர்றேன்"ங்குறான். ஒட்டுனான்! ஒட்டுன காது வாழயெல கணக்கா ஒசக்க நிக்கிது... சிரி, நல்லாச் சிரி. நான் சிரிச்ச சிரிப்புல, பாஸ்போர்ட் படத்துக்கு ஒக்காந்திருந்த பெரியவரு எந்திரிச்சே போயிட்டாரு.

அப்பறம் அந்தக் கை! நாத்தனா என்னைய அணைச்சாப்புல நின்னிருக்கா. ஆளத் தூக்கிட்டான்... கை மட்டும் எந் தோளுல ஒக்காந்திருக்கு, வளையலோட! "அதையுந் தூக்குடா"ன்னா, "தூக்குனா தோளுல ஓட்ட விழுந்துரும்க்கா. கைக்கு அடியில இருக்குற சேல படத்துலயே இல்லையே"ங்குறான். நாயந்தேன். வேற எடத்துச் சேலையப் பிச்சு மேல ஒட்டுனான். தோளு கட்டி வந்த மாதிரி வீங்கிப் போச்சு. "கையே இருக்கட்டும், போடா"ன்னுட்டேன்.

என்ன சண்டையா? அது... காதுகுத்து அன்னைக்கு, எங்கம்மா எனக்குப் போட்ட கம்மல்ல ஒண்ணக் காணோம். பந்தியில அத்தன பேரு முன்னால, "இந்த வீட்டுக்குள்ள வந்துதேன் களவு போச்சு"ன்னு சொல்லிப்புட்டேன். பரிமாறிக்கிட்டு இருந்தவ, சாம்பாரு வாளியக் கீழ வச்சுட்டு உள்ள போனா. கூடப்பெறந்த தங்கச்சி வாசல இவுக மிதிச்சு ஆறு வருசமாச்சு. எனக்காகத்தேன்.

நேத்து அந்தப் பய, பிரிண்டு போடுறதுக்கு முன்ன பெருசு பண்ணிக் காட்டுறான். எம் மூஞ்சி மொறம் அளவுக்கு வருது. "யக்கா, ஒரு காதுல கம்மலு இருக்கு, ஒண்ணுல இல்லையே. அதையும் எடுத்து ஒட்டி விடவா?"ங்குறான்.

தாயி... அந்தப் படம் நாங்க பஸ்ஸ விட்டு எறங்குன ஒடனே எடுத்தது. எங்கையில பை தொங்குது. இன்னும் வீட்டுக்குள்ள காலு வைக்கல. அவ ஓடியாந்து, "மதினி, மொதல்ல படம் எடுத்துக்கிருவோம்"னு தோளுல கை போட்டா. அப்பவே எங்காதுல கம்மலு இல்ல! பஸ்ஸுல விழுந்துச்சோ, எங்க வீட்டுலயே விழுந்துச்சோ...

"ஒட்டாதடா. அவளத் திரும்ப வையி"ன்னேன். பய வாயப் பொளந்துட்டான். "இப்பத்தானக்கா உசுரக் குடுத்துத் தூக்குனேன்!" மறுபடி கோடு, மறுபடி எறும்பு. இந்தா, பாரு. மூணு பேரும் நீலத்துல நிக்கிறோம். இந்தத் தடவ காது பொழச்சுச்சு, மீசையில கொஞ்சம் போச்சு. போகட்டும்.

எங்க வீட்டுக்காரவுகளா? அந்தா, முன் சீட்டுல, வெள்ளச் சட்ட. ராத்திரி சோறு வைக்கையில விசயத்தச் சொன்னேன். திட்டல. "காலையில பஸ்ஸு எத்தன மணிக்கு?"ன்னு மட்டுங் கேட்டாக.

ஐயோ, நாத்தனா ஊரு வந்துருச்சு! வழி விடு தாயி... கையப் புடி. இந்த நேரத்துல சிரிப்பு வேற வருது, பாரேன்! அந்தா, ஸ்டாப்புக்கு எதுத்த வீடுதேன். வாசல்ல அவதேன் நிக்கிறா. இவுக எறங்கி ஓடியே போயிட்டாக. கிட்டக்கப் போயி மெதுவாச் சொல்லவா? இல்ல... அன்னைக்கு ஊரு கேக்கத்தானே சொன்னேன்? ஏய்யா கண்டக்டரே, விசில் அடிக்காத, எறங்குறேன்! ...ஏ வடிவூ! வடிவூ! தப்பு எம்மேலதேன்டீ!