ஆட்டின் விண்ணப்பம்

கெசையா: …அந்த ஸ்டூல்ல உக்காராதீங்க செயலாளர் ஐயா, மை ஒட்டும்.

டில்: உக்கார வரலை வில்பர் அம்மா. ஆளுநர் உத்தரவோட வந்திருக்கேன். போன வாரம் உங்க பத்திரிகையில ‘ஆட்டின் விண்ணப்பம்’ எழுதினது யாரு?

கெசையா: ஆடுதான். கீழ பேரே போட்டிருக்கே, ‘பொதுமேய்ச்சல் வெள்ளாடு’ன்னு.

நோக்ஸ்: ஹி ஹி…

டில்: காப்ரல் நோக்ஸ்!

நோக்ஸ்: மன்னிக்கணும் ஐயா. எங்க கூடாரத்துல சத்தமா வாசிச்சாங்க. “ஆளுநர் சபைக்காரங்க மாதிரி நானும் நாள் முழுக்கக் காகிதம்தான் மெல்லுறேன். ஆனா நான் பாலும் குடுக்குறேன், என்னை ஏன் விரட்டுறீங்க?”

டில்: மனப்பாடமா?

நோக்ஸ்: தானா மனசுல நின்னுடுச்சு ஐயா.

டில்: ம்… பாத்தீங்களாம்மா? ஊர்ப் புல்வெளியில ஆடு மேயக் கூடாதுன்னு ஆளுநர் உத்தரவு போட்டா, அவரோட சிப்பாயே ஆட்டுப் பக்கம்! எவ்வளவு ஆபத்தான எழுத்து!

கெசையா: ஆபத்தா? பேப்பர்ல ஒரு மூலை காலியா கிடந்துச்சு, போட்டேன். சுமார் சரக்குதான்.

டில்: சுமாரா?

கெசையா: நடுவுல ஒரே வளவளா. லத்தீன் வேற. வெள்ளாட்டுக்கு எதுக்கு ஐயா லத்தீன்? அந்தப் பத்தியைத் தூக்கிட்டேன்.

டில்: தூக்கிட்டீங்களா! அதுதானே… அதாவது… சாட்சியத்தை அழிச்சிருக்கீங்க!

கெசையா: பேரைச் சொன்னா அந்த ஆளை என்ன செய்வீங்க?

டில்: விலங்கு மாட்டி லண்டன் கப்பல்ல ஏத்திடுவாங்க.

கெசையா: அப்ப சொல்ல மாட்டேன்.

டில்: சொல்லலைன்னா, எழுதின காகிதமாவது வேணும். ரெண்டும் இல்லைன்னா அச்சுக்கூடத்துக்கு இன்னிக்கே பூட்டு.

கெசையா: எங்க வீட்டுக்காரரைப் புதைச்ச வாரம்கூட வியாழக்கிழமை பேப்பர் கொண்டாந்தவ நான்…

நோக்ஸ்: அம்மா, அந்தக் கொக்கியில ஒரு கத்தை தொங்குதே?

கெசையா: போன வாரம் அச்சுக்கு வந்த காகிதங்க.

நோக்ஸ்: இப்படிக் குடுங்க. ஊர்ல எல்லார் கையெழுத்தும் எனக்கு அத்துப்படி. தபால் சுமக்குறவன் நான்தானே.

டில்: அதை நான் பாக்குறேன்! நீ… நீ அந்தப் பானையைப் பாரு.

நோக்ஸ்: மூடியிருக்கே… அய்யய்யோ! என்னம்மா இது நாத்தம்?

கெசையா: அச்செழுத்துமேல மை ஒத்துற தோலு. மூத்திரத்துல ஊறினாத்தான் மெத்துன்னு இருக்கும்.

நோக்ஸ்: யாரோட…?

கெசையா: இங்க வேலை பாக்குற எல்லாரும்தான். நீங்களும் வேணா கொஞ்சம் உதவுங்க.

டில்: அடி வரைக்கும் கைவிட்டுத் தேடு, காப்ரல்.

நோக்ஸ்: ஐயா, ராஜாவுக்காகக் குண்டடி படுவேன். இது… வேணாம் ஐயா.

டில்: சரி, விடு. கொக்கியிலயும் ஒண்ணுமில்லை. ஓடிப்போன குதிரை, ரம் பீப்பாய் விளம்பரம்…

நோக்ஸ்: அப்ப பூட்டிடவா?

கெசையா: தாராளமா பூட்டுங்க. ஆளுநர் வீட்டு விருந்து அறிவிப்பை எழுத்துக் கோத்து அச்சுக்குத் தயாரா வச்சிருக்கேன். அதுவும் உள்ளயே கிடக்கட்டும். இந்தக் காலனியில வேற அச்சுக்கூடம் எங்க இருக்கு?

நோக்ஸ்: எங்கயும் இல்லையே…

டில்: விருந்துக்கு ஆள் வரலைன்னா ஆளுநரோட சம்சாரம் நம்ம தோலைத்தான் ஊற வைப்பாங்க! காப்ரல், பூட்டு வேண்டாம். எழுதினவர் தெரியலை, காகிதம் கிடைக்கலைன்னு போய்ச் சொல்லு. நான் இவங்களைக் கண்டிச்சுட்டு வர்றேன்.

நோக்ஸ்: சரி ஐயா… அம்மா, ஆடு மறுபடி எழுதுமா?

டில்: போய்யா!

கெசையா: …காப்ரல் தெரு திரும்பிட்டார்.

டில்: அப்பாடா! கெசையா, அச்சானதும் அந்தக் காகிதத்தை அடுப்புல போடச் சொன்னேன்ல? அதைக் கொக்கியில மாட்டி வச்சிருக்கே!

கெசையா: தப்பா போட்டுட்டேன்னு எவனாவது சண்டைக்கு வந்தா காட்டணும்ல? எல்லாக் காகிதமும் அடுத்த இதழ் வர்ற வரைக்கும் தொங்கணும். கடை வழக்கம்.

டில்: உன் வழக்கம் என்னைக் கப்பல் ஏத்தியிருக்கும். என் கோட்டுப் பைக்குள்ள இன்னும் நெருப்பு மாதிரி சுடுது…

கெசையா: எடுத்துட்டீங்கல்ல, விடுங்க. ஒரு வாய் ஆப்பிள் சைடர் குடிங்க. ஏன் முகம் இன்னும் தொங்குது?

டில்: ஒண்ணு கேக்கணும். மறைக்காம சொல்லு.

கெசையா: கேளுங்க.

டில்: நெசமாவே அவ்வளவு சுமாராவா எழுதியிருக்கேன்?