டிராமில் வந்த வாடகை வழக்கு

மயிலாப்பூர் குளத்தருகே டிராமில் ஏறிய இருவர் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். குடை வைத்திருந்தவர் திடீரென்று, "என்மேல நீங்க கேஸ் போட்டதுக்கு ரொம்ப உபகாரம், மாமா" என்றார்.

நான் பத்திரிகையை மடித்துவிட்டேன்.

பக்கத்திலிருந்த பெரியவர்தான் வீட்டுக்காரர். "ஏண்டாப்பா, வீட்டைக் காலி பண்ணுன்னு மனு போட்டிருக்கேன். உபகாரம்ங்கறியே?"

"முன்னே திருவல்லிக்கேணியில இருந்தேனே, நாங்க கோவிலுக்குப் போயிட்டு வரதுக்குள்ள அந்த வீட்டுக்காரர் பாத்திரத்தையெல்லாம் தெருவில வச்சுட்டுக் கதவைப் பூட்டிண்டு போயிட்டார். கேக்க நாதியில்லை. இப்போ வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்திருக்கு. நீங்களும் அதன்படி போனேள். 'நீ என்ன சொல்றே'ன்னு கேட்டு கோர்ட்டிலேருந்து என் பேருக்கு ஒரு காகிதம் வந்ததே, மாமா!"

"சட்டம் இல்லாட்டா மட்டும் உன்னைத் தெருவில விடுவேனா? யுத்தத்தப்போ ஜப்பான்காரன் குண்டு பயத்துல நாங்க ஊரைவிட்டு ஓடினப்போ என் ஆத்தைக் காப்பாத்தினவன் நீ. ஆனா பிள்ளை குடும்பத்தோட வந்துட்டான். எனக்கும் இடம் வேணுமே."

"வேண்டாம்னு யார் சொன்னா? மார்கழியில வீடு மாத்தப்படாது. தை பொறக்கற வரைக்கும் டயம் கேக்கப்போறேன்."

"கேளு. நான் ஆட்சேபிக்கலை."

கோர்ட் அருகே நானும் அவர்களோடு இறங்கினேன். பெரியவர் நடைபாதையிலேயே நின்றுவிட்டார்.

"நீ முன்னாடி போ. சேர்ந்து வந்தோம்னு தெரிஞ்சா என் வக்கீல் கோவிச்சுப்பார். மத்தியானம் மட்டும் அதோ, அந்த மரத்தடிக்கு வந்துடு. மாமி ரெண்டு பேருக்குமாத்தான் தயிர்சாதம் கட்டியிருக்கா."