காத்திருப்பு அறையின் பக்கக் கதவு

அந்த அறைக்கு வெளிர் மஞ்சளில் திரைச்சீலை வேண்டாம், சீக்கிரம் அழுக்கு தெரியும் என்று நான் அப்போதே சொன்னேன். யார் கேட்டார்கள்? அதைத் துவைக்கிற வேலையும் கடைசியில் என் தலையில்தான் விழுந்தது.

முன்பு அது கோர்ட்டின் உடைந்த நாற்காலிகளைப் போட்டுவைத்த அறை, மேடம். புதுச் சட்டம் வந்ததும் வெள்ளையடித்து, சோபா போட்டு, பாதிக்கப்பட்ட பெண்கள் காத்திருக்கும் அறை என்று பலகை மாட்டினார்கள். கெடுத்தவன் அவள் கண்ணில் படக் கூடாதாம். அவள் வந்துபோகத் தனி வழி, கோர்ட்டுக்குள் மறைவுக்கு ஒரு தட்டி, பக்கத்தில் உட்கார ஓர் ஆள். அவளுடைய பழைய கதையைப் பற்றி வக்கீல் வாயே திறக்கக் கூடாது. ஒரே ராஜ உபசாரம். சாட்சிகளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த என்னை, பொறுமைசாலி என்று சொல்லி, அந்த அறைக்குப் பொறுப்பாக்கினார்கள். பொது நடைபாதைப் பக்கம் திறக்கிற கதவை எப்போதும் தாழ்ப்பாள் போட்டு வைப்பதுதான் அங்கே முக்கியமான வேலை.

நான் சட்டத்துக்கு விரோதி இல்லை. நானும் அதே கோர்ட்டில் கூண்டேறியவள்தான், பத்தொன்பது வயதில். அப்போது தட்டியும் கிடையாது, சோபாவும் கிடையாது. வெளியே ஒரே ஒரு பெஞ்சு. ஒரு முனையில் நானும் அக்காவும், மறுமுனையில் அவன். அவன் காலை ஆட்டினால் எங்கள் பக்கமும் ஆடும். அப்படி உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் உள்ளே போனேன். ஒருவரும் தண்ணீர் கொடுத்து என் முதுகைத் தடவவில்லை.

அதனால்தான் சொல்கிறேன். உண்மையாகவே நடந்திருந்தால் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்ல வாய் வரும். தட்டிக்குப் பின்னால் இருந்துகொண்டு யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். சட்டம் போட்டவர்கள் இதை யோசிக்கவில்லை. நான் யோசித்தேன்.

நீங்கள் விசாரிக்கிற இந்தப் பெண்ணுக்கு முன்னால் இரண்டு பேர். நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். அவர்களுக்குக் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தேன், அவ்வளவுதான். அவரவர் கேஸில் மாட்டியவன் நடந்து போவது தெரியும்படி. ஒருத்தி வீட்டுக்குப் போக வேண்டும் என்று அழுதாள், போய்விட்டாள். இன்னொருத்தி எழுந்து போய் அவனை முறைத்துப் பார்த்தாள். பிறகு தட்டியே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒன்று விடாமல் சொன்னாள். அவன் இன்று ஜெயிலில் இருக்கிறான். என் முறை சரி என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

ஸ்கேன் சென்டரில் வேலை பார்த்த இந்தப் பெண் அம்மாவோடு வந்தாள். உள்ளங்கை வேர்த்துக்கொண்டே இருந்தது. கைக்குட்டையால் துடைப்பதும் மடிப்பதுமாக இருந்தாள்.

"அக்கா, அந்தாளு இந்தப் பக்கம் வர மாட்டார்ல?"

"வர மாட்டார்மா. நான் இருக்கேன்ல."

அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கள நம்பித்தான் கூட்டிட்டு வந்திருக்கேன்" என்றாள். அடையாள அட்டைக்கு நகல் வேண்டும், கீழே போய் எடுத்து வாருங்கள் என்று அவளை அனுப்பினேன். நகல் தேவையே இல்லை.

பிறகு அவர்கள் வந்த தனி வழிக் கதவைப் பூட்டிவிட்டு நடைபாதைக்குப் போனேன். அவள் புகார் கொடுத்திருந்த அவளுடைய முதலாளி போனை நோண்டிக்கொண்டு நின்றான். "சார், உள்ள வந்து உக்காருங்க" என்றேன். அவனுக்கே நம்ப முடியவில்லை. அவனை உள்ளே விட்டு, கதவைச் சாத்தி, வெளியே தாழ்ப்பாள் போட்டேன். அவள் கதவைத் தட்டினாள். என்னைத்தான் கூப்பிட்டாள். நான் தண்ணீர் பிடிக்கப் போனேன்.

காசு வாங்கினேனா என்று கேட்கிறீர்கள். அவனிடம் ஒரு வாய் டீகூட வாங்கவில்லை. அவன் யாரோ, நான் யாரோ.

திரும்பி வந்து திறந்தபோது அவன் சோபாவில் சாவகாசமாக உட்கார்ந்திருந்தான். தொட்டதாகத் தெரியவில்லை. அவள் மூலையில் சுவரைப் பார்த்து நின்றாள். தண்ணீரை நீட்டினேன், வாங்கிக்கொண்டாள். கோர்ட்டுக்குள் தட்டி இருந்தது, பக்கத்தில் அம்மா இருந்தாள், வக்கீல் மரியாதையாகத்தான் கேட்டார். அவள் ஒன்றும் நடக்கவில்லை என்று சொன்னாள். திருப்பித் திருப்பிக் கேட்டார்கள், அதையேதான் சொன்னாள். அவனை விட்டுவிட்டார்கள்.

நடைபாதைக் கேமராவில் எல்லாம் இருக்கிறது என்கிறீர்கள். அதைப் போட்டுக் காட்டி நேரத்தை வீணாக்க வேண்டாம். தாழ்ப்பாளைத் திறந்தவள் நான், போட்டவளும் நான். நாளைக்கே மறுபடி அந்த அறையை என்னிடம் கொடுத்தாலும் இதைத்தான் செய்வேன். அந்தப் பெண்ணை நினைத்தால் பாவமாக இல்லையா என்று கேட்கிறீர்கள். இல்லை. பொய் சொல்ல வந்தவள், அவன் முகத்தைப் பார்த்ததும் சாயம் வெளுத்துவிட்டது.

என் அக்காவை எதற்கு இழுத்து விசாரித்தீர்கள்? அவளுக்கு வாய் நிற்காது. என்னையே கேட்டிருக்கலாம். ஆமாம், அன்று என் கேஸில் ஜட்ஜ் கேட்டபோது நான் அவனைப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் நானும் சொன்னேன். அதற்காக என்னையும் இவளையும் ஒன்றாகப் பேசாதீர்கள், மேடம். எனக்கு உண்மையாகவே நடந்தது.