ஓரத்தில் மங்காத மானிட்டர்

கிழக்கேகோட்டையில் பஸ் கிளம்பியதும் முன்சீட்டுப் பெண் தன் கணவரிடம் சொன்னாள்: "விலை குறைஞ்ச ஃப்ளாட் மானிட்டரை ஓரமா நின்னு பார்த்தேன். பாதிச் சுவரைக் காணோம்."

கம்ப்யூட்டரில் வீட்டு பிளான் வரைபவள் என்பது போகப்போகப் புரிந்தது. கடையில் தன் பிளானையே விலை குறைந்தது, கூடியது என இரண்டு மானிட்டரிலும் போட்டுப் பார்த்திருக்கிறாள்.

"நேரா பார்த்தா?"

"நேரா பார்த்தா நன்னாத்தான் இருக்கு. ஓரத்துலேர்ந்துதான் மெல்லிசு கோடெல்லாம் மங்கிடறது. மத்ததுல அப்படி இல்லை."

"நீ நேரா உக்காந்துதானே வரையறே? பின்னே என்ன? அது மதி, அதுவே போறும், கேட்டியா. மத்தது விலை ரொம்பக் கூடுதல்."

அவள் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். கரமனைப் பாலம் வந்தது.

"ஏன்னா, தினம் ஆபீஸ் விட்டு வந்ததும் என் பக்கத்துல ஸ்டூலைப் போட்டுண்டு அளவு வாசிச்சுக் குடுக்கறது யாரு? கோடு தப்பினா முதல்ல சொல்றது யாரு?"

அவர் கையிலிருந்த விலைப் பட்டியலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"அப்போ அந்தக் கூடுதல் விலைக்காரனையே வாங்கிடலாம்" என்றார். "கூட ஒரு நாற்காலியும். ஸ்டூல்ல முதுகு வலிக்கறது."